கொம்புள்ள பிடிகள் வன்னியில் இல்லை

யாழ்ப்பாணத்தில் தயாராகும் வீடியோக்களில் யானை வந்தால், அது பெரும்பாலும் ஆப்பிரிக்க யானையாகத்தான் இருக்கிறது. பாடசாலையின் சுற்றாடல் தினக் காணொளி, கோயில் திருவிழாவின் முன்னோட்டம், கலியாண வீடியோவின் முதல் அரை நிமிடம், வன்னியில் காட்டு யானை வயலுக்குள் புகுந்த செய்தி, எதை எடுத்தாலும் தோளை மறைக்கும் காதுகளை விசிறிக்கொண்டு ஆப்பிரிக்கப் புல்வெளியின் அதே சவன்னா யானை நடந்து வருகிறது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு சிறு அறையில் எடிட்டிங் தொழில் செய்கிறவன் நான். கலியாண வீடியோவில் வரும் யானையோடு எனக்கு வழக்கில்லை. அழகுக்காக வைத்தது, அழகாகவே இருந்துவிட்டுப் போகட்டும். வன்னி யானைகளைப் பற்றிப் பேசும் வீடியோவில் அது வரும்போதுதான் மனம் பொறுக்கவில்லை.

காரணம் விளங்காமல் இல்லை. பெக்சல்ஸ், பிக்சபே போன்ற இலவசத் தளங்களில் யானை என்று தேடினால் முன்னால் வந்து நிற்பவை பெரும்பாலும் கென்யாவிலும் தான்சானியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் எடுத்தவை. அங்கே வெட்டவெளி, நல்ல வெயில், ஜீப்பில் வரும் பயணிகளின் கைகளில் நல்ல கமெரா. கென்யாவின் அம்போசெலித் தேசியப் பூங்காவில் ஒரு கூட்டம் நடந்து போனால், எல்லைக்கு அப்பால் தான்சானியாவின் கிளிமஞ்சாரோ 5,895 மீற்றர் உயரத்தில் உச்சியில் பனியோடு நிற்கும். எங்கள் பக்கத்து யானையோ பகல் முழுவதும் பற்றைக்காட்டுக்குள் நிற்கும்; பொழுதுபட்ட பிறகு வெளியே வரும். டோர்ச் வெளிச்சத்தில் கைபேசியில் பிடித்த நடுங்கும் படம்தான் பல வேளைகளில் அது வந்ததற்குச் சாட்சி. நாளைக் காலைக்குள் வீடியோ வேண்டும் என்று கேட்டால் எடிட்டரின் கை எந்தப் பக்கம் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

வன்னியில் ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் அப்படியான ஒரு வீடியோவைத் திரையிட்டபோது நான் அங்கே இருந்தேன். போனது வேறு ஒரு படப்பிடிப்புக்காக. காட்டு யானையிடமிருந்து உயிரையும் பயிரையும் காப்பாற்றுவது எப்படி என்று விளக்கும் குறும் வீடியோ அது. தயாரித்தவர்களின் பெயர் இங்கே வேண்டாம். முன்பள்ளிச் சுவரில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். சனம் பாய் விரித்து இருந்தது. திரையில் முதல் யானை வந்ததும் பின்னால் இருந்த ஓர் அம்மா, "தம்பி, இது எந்த ஊர் யானை?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த காட்சியில் ஒரு குட்டி, தாயின் முன்னங்கால்களுக்கு இடையில் தலையை நுழைத்துப் பால் குடித்தது. தாய்க்கு நீண்ட இரண்டு கொம்புகள். "பால் கொடுக்கிற யானைக்கும் கொம்பு இருக்கிறதே!" என்றார் அந்த அம்மா.

அதற்குப் பிறகு வீடியோ சொன்னதை யாரும் கேட்கவில்லை. காதைப் பார், முதுகைப் பார், பின்னால் மலையைப் பார் என்று தங்களுக்குள் பேசத் தொடங்கிவிட்டார்கள். மின்வேலியைப் பராமரிப்பது பற்றியும், சாமத்தில் தனியே வயலுக்குப் போகாமல் இருப்பது பற்றியும் பின்னணிக் குரல் சொன்ன நல்ல விடயங்கள் எல்லாம் காற்றோடு போயின. முடிந்ததும் முதியவர் ஒருவர் ஏற்பாட்டாளர்களிடம் கோபமில்லாமல் சொன்னார்: "எங்கள் யானையையே தெரியாதவர்கள் எங்களுக்கு என்ன சொல்லித் தரப் போகிறீர்கள், பிள்ளைகள்?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. போன காலபோக நெற்செய்கையில் எந்தத் தனியன் யானை எந்த வரம்பால் இறங்கியது, யாருடைய தென்னம்பிள்ளைகளைப் பிடுங்கிப் போட்டது, எந்த வேலிக்கட்டையைத் தள்ளிவிட்டு உள்ளே வந்தது என்று நாள் கிழமையோடு சொல்லக்கூடிய மனிதர்கள் அவர்கள். பயிருக்கு வருவது பெரும்பாலும் வளர்ந்த ஆண் யானை, வருவது இரவில். வீடியோ காட்டியதோ பட்டப்பகலில் குட்டிகளோடு மேயும் பெண் யானைக் கூட்டம். இனம் மட்டுமல்ல, நேரமும் நிலமும் நடத்தையும் எல்லாமே வேறு.

குடாநாட்டில் வளரும் பிள்ளைகளுக்கு அந்த அம்மாவுக்கு இருந்த கண் இல்லை. இங்கே காட்டு யானை கிடையாது. திரையில் எது வருகிறதோ அதுதான் அவர்களுக்கு யானை. சித்திரப் பாடத்தில் யானை கீறச் சொன்னால் பெரிய காதோடு, முதுகு குழிந்து, கொம்போடு கீறுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து மாவட்டத்தில் நிற்கும் விலங்கை அவர்கள் ஒருமுறைகூடச் சரியாகப் பார்த்ததில்லை.

என்னோடு வேலை செய்யும் தம்பியிடம் இதைப் பற்றிப் பேச்செடுத்த அன்று அவன், "யானை என்றால் யானைதானே அண்ணை, யார் கவனிக்கப் போகிறார்கள்?" என்று கேட்டான். வாதாடிப் பயனில்லை என்று இரண்டு கிளிப்களை டைம்லைனில் அடுத்தடுத்து வைத்தேன்.

எல்லோரும் காதிலிருந்து தொடங்குவார்கள். ஆனால் காது ஏமாற்றும். நேர் முன்னாலிருந்து எடுத்த காட்சியில், விரித்த ஆசியக் காதும் பெரிதாகத்தான் தெரியும். நான் முதுகைப் பார்ப்பேன். ஆப்பிரிக்க யானையின் முதுகு நடுவில் குழிந்திருக்கும். எங்கள் யானையின் முதுகு மேல்நோக்கி வளைந்திருக்கும். தலை உச்சியில் இரண்டு மேடுகள் தெளிவாகத் தெரியும். ஆப்பிரிக்காவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகக் கொம்பு உண்டு. இலங்கையில் பெண்ணுக்கு, அதாவது பிடிக்கு, வெளியே நீளும் கொம்பு இல்லை. ஆண்களிலும் பத்தில் ஒன்றுக்குக்கூட இல்லை. வயது வந்த எங்கள் யானையின் காதோரத்திலும் தும்பிக்கையிலும் நிறம் வெளுத்து, இளஞ்சிவப்பில் கரும்புள்ளி தெளித்தது தெரியும். அந்த நிறத்தை நான் எங்கே பார்த்தாலும் மனதுக்கு ஒரு நெருக்கம் வந்துவிடும்.

தம்பியை மாற்றியது இவை எதுவும் அல்ல, தும்பிக்கையின் நுனி. ஆப்பிரிக்கக் கிளிப்பை ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தினோம். நுனியில் மேலே ஒரு விரல், கீழே ஒரு விரல். இரண்டும் குறடு போலக் கூடி, ஒரு சிறு புல்லைக் கிள்ளி எடுத்தன. அடுத்தது எங்கள் நாட்டு மின்னேரியாத் தேசியப் பூங்காவில் எடுத்தது. இங்கே மேலே மட்டும் ஒரு விரல். புல்லைத் தும்பிக்கையால் சுற்றி வளைத்துப் பிடித்து, முன்காலால் உதைத்துப் பெயர்த்து, வேரில் ஒட்டிய மண்ணைக் காலில் தட்டி உதறி, பிறகுதான் வாய்க்குக் கொண்டுபோனது. தம்பி இரண்டையும் மாறிமாறி நெடுநேரம் ஓடவிட்டுப் பார்த்தான். "சாப்பிடுகிற விதமே வேறு, அண்ணை" என்றான். இப்போது எங்கள் அறைக்குள் தப்பான யானை நுழைய அவன் விடுவதில்லை.

இனம் மாறுவதை விட ஆபத்தான ஒன்று இருக்கிறது. அதை எடிட்டர்கள் யோசிப்பதே இல்லை. யானை வந்தால் நாங்கள் காட்சியை மெதுவாக்குகிறோம். செக்கனுக்கு 60 சட்டகமாக எடுத்ததை 25இல் ஓடவிட்டால் உடம்பின் பாரம் தெரியும், தூசு மெல்ல எழும், பார்க்க மகத்தாக இருக்கும். தாய்லாந்தில் ஆசிய யானைகளை அளந்து 2003இல் வெளியான ஆய்வொன்று, அவை மணிக்கு ஏறத்தாழ 25 கிலோமீற்றர் வேகத்தை எட்டக்கூடியவை என்று காட்டியது. அந்த வேகத்தை நாங்கள் 60இலிருந்து 25க்கு இறக்கினால், திரையில் தெரிவது மணிக்குப் பத்துக் கிலோமீற்றர் சொச்சம். வயல் வரம்பில், இருட்டில், சாரத்தோடு ஓடும் ஒரு மனிதன் அந்த யானையைத் தாண்டிவிடலாம் என்று கண் நம்பிவிடும். நிஜத்தில் தாண்ட முடியாது. உயிர் காக்க என்று எடுக்கும் வீடியோவில் யானையை மெதுவாக்கக் கூடாது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. பணம் தருகிறவர் கேட்டாலும் செய்வதில்லை.

ஒலியிலும் அதே கதைதான். திரையில் யானை தோன்றியவுடன் பிளிறல் சத்தம் ஒன்றை ஒட்டிவிடுகிறார்கள். விலங்குக் காட்சிகள் பெரும்பாலும் தூரத்திலிருந்து பெரிய லென்ஸில் எடுக்கப்படுவதால், அந்த இடத்துச் சத்தம் மைக்கில் விழுவதில்லை. ஒலியைப் பிறகு சேர்ப்பது தொழில் வழக்கம்தான். ஆனால் யானைகள் தங்களுக்குள் பேசுவதில் பெரும் பங்கு எங்கள் காதுக்கு எட்டாத தாழ்ந்த உறுமல். கேற்றி பெய்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984இல் ஒரேகனின் போர்ட்லண்ட் மிருகக்காட்சிசாலையில், ஆசிய யானைகளின் கூண்டருகே காற்றில் ஏதோ அதிர்வதை உடம்பில் உணர்ந்துதான் அதைத் தேடத் தொடங்கினார். 20 ஹேர்ட்ஸுக்குக் கீழே போகும் அந்த ஒலி கிலோமீற்றர் கணக்கில் பயணம் செய்யக்கூடியது. எந்தக் கைபேசி ஸ்பீக்கரிலும் அது வராது.

அந்தக் கிராமத்து முதியவரோடு பிறகு கதைத்தபோது, யானை வருவது எப்படித் தெரியும் என்று கேட்டேன். "கத்திக்கொண்டா வரும்?" என்று திருப்பிக் கேட்டார். கொப்பு முறியும் சத்தம், காது உடம்பில் அடிக்கும் சத்தம், நாயின் குரைப்பு மாறுவது, காற்று இந்தப் பக்கம் வந்தால் ஒரு மணம். சில இரவுகளில் இவை எதுவுமே இல்லை. பாதத்தின் அடியில் கொழுப்பு மெத்தை இருப்பதால் அவ்வளவு பெரிய உடம்பு சத்தமில்லாமல் நடந்து வரும். குடிலுக்குப் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் இருட்டின் ஒரு பகுதி அசைவதாகத் தெரியும் என்றார். யானை பிளிறிக்கொண்டு வரும் என்று ஒரு வீடியோ பிள்ளைகளுக்குப் பழக்கினால், பிளிறல் கேட்காத இரவில் அவர்கள் பயமின்றி வெளியே இறங்குவார்கள். பின்னணி ஒலிக்கு அவ்வளவு பொறுப்பு இருக்கிறது.

ஆப்பிரிக்க யானைமேல் எனக்கு மனத்தாங்கல் என்று யாரும் எண்ண வேண்டாம். அந்த யானைக்காகவும்தான் இதை எழுதுகிறேன். அம்போசெலியில் 1972 முதல் அமெரிக்க ஆய்வாளர் சிந்தியா மோஸ் தொடக்கிவைத்த ஆய்வு நடக்கிறது. அங்குள்ள யானைகளைக் காதின் கிழிசலையும் ஓட்டையையும் வைத்து ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, குடும்பம் குடும்பமாகப் பதிந்து, பெயர் வைத்திருக்கிறார்கள். எக்கோ என்ற தலைவி யானையைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2009இன் கடும் வறட்சியில் அது இறந்தது. நாங்கள் இலவசமாக இறக்கி, "காட்டு யானை அட்டகாசம்" என்று எழுத்துப் போட்டு ஓட்டும் அம்போசெலிக் கிளிப்பில் நடக்கும் பிடிக்கு ஒரு பெயரும், தாயும், சகோதரிகளும் பதிவேட்டில் இருக்கக்கூடும். வன்னி வயலை அது ஒருநாளும் மிதித்ததில்லை.

அதன் துயரமும் வேறு. 1989 யூலையில் நைரோபியில் 12 தொன் தந்தத்தைக் கென்ய அரசு குவித்துத் தீ வைத்தது. அந்த ஆண்டின் இறுதியில்தான் தந்தத்தின் சர்வதேச வணிகத்தைத் தடைசெய்ய நாடுகள் இணங்கின. 2016இல் வெளியான பெரும் யானைக் கணக்கெடுப்பு 18 நாடுகளில் 352,271 சவன்னா யானைகளை மதிப்பிட்டது. 2007க்கும் 2014க்கும் இடையில் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிட்டதாகவும் சொன்னது. 2021 மார்ச்சில் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் சவன்னா யானையையும் அடர்ந்த காடுகளில் வாழும் ஆப்பிரிக்க வன யானையையும் முதன்முறையாகத் தனித்தனி இனங்களாகப் பட்டியலிட்டு, இரண்டுமே அழிவின் விளிம்பை நோக்கிப் போவதை அறிவித்தது.

மொசாம்பிக்கின் கொரொங்கோசாத் தேசியப் பூங்கா பற்றி வாசித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. அந்த நாட்டில் 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர். தந்தத்தை விற்றுப் போருக்குப் பணம் தேடினார்கள்; கொரொங்கோசாவின் யானைகளில் 90 சதவீதத்துக்கு மேல் அழிந்தன. போருக்கு முன் பெண் யானைகளில் 18.5 சதவீதமே கொம்பில்லாதவை. போரின் பின் தப்பியிருந்த பெண்களில் அது 50.9 சதவீதம். கொம்புள்ளவை சுடப்பட்டன, கொம்பில்லாதவை தப்பின, அந்தக் குறையை மகள்களுக்குக் கொடுத்தன. இதன் மரபணுக் காரணத்தை 2021இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். போர் நடந்த மண்ணில் பிறந்து வளர்ந்த ஒருவனால் இதை விலங்கியல் தகவல் என்று வாசித்துவிட்டு நகர முடியாது. ஒரு போர் பிறக்கப்போகும் குட்டிகளின் முகத்தை மாற்றியிருக்கிறது. கொரொங்கோசாவில் எடுத்த ஒரு கொம்பில்லாத பிடியின் காட்சியை யாராவது "கொம்பில்லை, அதனால் வன்னி யானையாகவே வைத்துக்கொள்ளலாம்" என்று எடுத்துப் போட்டால், அந்த யானை சுமந்து நிற்கும் வரலாற்றைத் துடைத்துவிட்டு, எங்கள் வரலாற்றையும் சேர்த்தே துடைக்கிறோம்.

எங்களுக்கும் யானை வரலாறு இருக்கிறது, அதை யாரும் படமாக்குவதில்லை. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், வன்னியில் பிடித்த யானைகளை இந்தப் பக்கம் நடத்திக் கொண்டுவந்து, ஊர்காவற்றுறையில் கப்பலேற்றினார்கள். இந்தியாவின் கோல்கொண்டாப் பக்கத்து வணிகர்கள் வந்து வாங்கினார்கள். ஆனையிறவையும் ஆனைப்பந்தியையும் பஸ்ஸில் தாண்டிப் போகிறோம்; அந்த நிலங்களைக் கமெராவில் பிடித்து இந்தக் கதையைச் சொன்னால், ஒரு யானைக் கிளிப்கூட இல்லாமல் நல்ல வீடியோ ஒன்று செய்யலாம்.

திரையில் யானையை மாற்றிக் காட்டுவது நாங்கள் கண்டுபிடித்ததல்ல. 1930களில் ஹொலிவூட்டில் ஆப்பிரிக்கக் காட்டுக் கதைகளைப் படமாக்கியவர்கள், பழக்கிய ஆசிய யானைகளுக்குப் பொய்க் காதும் பொய்க் கொம்பும் கட்டி நடிக்கவைத்தார்கள். அது கதைப்படம். ஆவணப்படம் என்று சொல்லிச் செய்வது வேறு. 1958இல் வெளியான ஓர் அமெரிக்க ஆவணப்படத்தில், லெமிங் என்ற சிறு கொறிவிலங்குகள் கூட்டமாகத் தற்கொலை செய்வதாகக் காட்டுவதற்கு, அவை வாழாத கனடாவின் அல்பேட்டாவுக்கு விலைக்கு வாங்கிக் கொண்டுவந்து பாறையிலிருந்து கீழே விழுத்தினார்கள். பொய் வெளியானது 1982இல். ஆனால் லெமிங் தற்கொலை செய்யும் என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். காட்சிக்கு அவ்வளவு ஆயுள். இப்போது செயற்கை நுண்ணறிவு செய்துதரும் யானைகளும் வரத் தொடங்கிவிட்டன. நான் பார்த்த ஒன்றில் ஆசியத் தலையில் ஆப்பிரிக்கக் காது. அப்படி ஒரு விலங்கு பூமியில் இல்லை.

உரிமை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யூடியூப்பில் கிடப்பதெல்லாம் பொதுச்சொத்து அல்ல. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இங்கேயும் செல்லும். படம்பிடித்தவர் சில நிபந்தனைகளோடு மற்றவர்களுக்கும் திறந்துவிடும் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வருவதை எடுத்தால், அவரின் பெயரைப் போட வேண்டும். வணிகத்துக்கு ஆகாது என்று எழுதியிருந்தால் ஆகாதுதான். தேசியப் பூங்காவுக்குள் தொழில்முறையில் படம் எடுக்க வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ட்ரோனை மட்டும் தயவுசெய்து யானைக்கு மேலே விடாதீர்கள். தான்சானியாவில் வயலுக்கு வரும் யானையைக் கலைப்பதற்கே ட்ரோனைப் பயன்படுத்துகிறார்கள். மேலிருந்து எடுத்த காட்சியில் கூட்டம் ஓடுவது கம்பீரமாகத் தெரிந்தால், அது பயந்து ஓடுகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

காயப்பட்ட யானைகளின் காட்சி பற்றியும் எனக்கு ஓர் எண்ணம் உண்டு. பன்றிக்கு என்று பழத்துக்குள் வைக்கும் வெடியைக் கடித்து வாய் சிதைந்த குட்டிகளையும், 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் ரயில் மோதி இறந்த ஆறு யானைகளையும், சோகப் பாட்டுப் போட்டுப் பகிர்ந்தார்கள். காட்டக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். காட்டத்தான் வேண்டும். பாட்டு வேண்டாம். எங்கே, எப்போது, எதனால் என்ற மூன்றும் திரையில் எழுத்தாக வரவேண்டும். யானையால் வீட்டில் ஒருவரை இழந்த குடும்பமும் அதே வீடியோவைப் பார்க்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

எங்கள் அறையில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். எந்த விலங்குக் கிளிப்பையும் இடமும் மாதமும் தெரியாமல் சேமிப்பதில்லை. கோப்பின் பெயரிலேயே அது இருக்கும்: மின்னேரியா-ஓகஸ்ட், அம்போசெலி-பெப்ரவரி. ஆப்பிரிக்கக் காட்சி தேவைப்படும் இடத்தில் தயங்காமல் பயன்படுத்துகிறோம், மூலையில் ஊர் பெயரோடு. வன்னி யானை வேண்டிய இடத்தில் நல்ல படம் இல்லை என்றால், முறிந்த வேலியையும், சேற்றில் பதிந்த அடியையும், காவல் கொட்டிலில் விழித்திருக்கும் மனிதரையும் வைக்கிறோம். அவை போதும். பல வேளைகளில் அவை யானையை விட அதிகம் சொல்கின்றன.

நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கம் இருக்கிறவர்கள் இதை வாசித்தால் ஒரு கேட்பு. உங்கள் கைபேசியில் யானைப் படம் இருந்தால், ஆடினாலும் இருட்டானாலும் அழிக்காதீர்கள். எந்தக் குளத்தடி, எந்த மாதம், எத்தனை மணி என்று ஒரு வரி எழுதி வையுங்கள். படம் எடுப்பதற்காக மட்டும் யாரும் கிட்டப் போகவேண்டாம். உங்கள் ஊர்ப் பாடசாலையில் அடுத்த முறை யானை பற்றி வீடியோ செய்யும்போது, முதலில் அந்தப் படத்தைக் கொடுங்கள்.